உழாமல் விளைந்தவை

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில், ஐப்பசி மழை வெறித்த ஒரு காலையில் இறங்கி நடந்தேன். கரிசல் மண் ஈரத்தில் காலை விடாது. பத்து எட்டு வைப்பதற்குள் செருப்பு கனத்துவிட்டது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். இரண்டு பக்கமும் மானாவாரிப் புஞ்சை. புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் தளிர்த்து நிற்கின்றன. மக்காச்சோளம் முழங்கால் உயரம். இவை விதைத்துப் பிழைக்க வைத்தவை. இவற்றுக்கு நடுவிலும் வரப்பிலும் ஓடைக்கரையிலும் யாரும் விதைக்காமல் தானாக முளைத்தவை இவற்றைவிடப் பல மடங்கு. அவற்றைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

என்னை அழைத்துப்போனவர்கள் நான்கு பெண்கள். மூத்தவரை ஊரே பெரியாத்தா என்கிறது; நானும் அப்படியே கூப்பிட்டேன். எழுபதைத் தாண்டியவர். சேலை முந்தியை இடுப்பில் இறுக்கி மடி கட்டிக்கொண்டு குனிந்தாரென்றால் வரப்பு முடியும் வரை நிமிர்வதில்லை. கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் வேலை செய்தது. நான் ஒரு செடியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவர் மடியில் ஒரு வேளைக் குழம்புக்கு ஆகிவிட்டது.

“வேரோட புடுங்காத தாயி. நுனிய மட்டும் கிள்ளு. நாலு நாள்ல திரும்பக் கிளைக்கும்.”

முதலில் கிடைத்தது தொய்யக்கீரை. உளுந்துக்கு நடுவில் கொடி மாதிரிச் சாய்ந்து வளரும். மெல்லிய தண்டில் இளஞ்சிவப்பு கலந்த வெள்ளைப் பூக்கதிர். பூ வந்த பிறகும் நுனிக்கொழுந்து இளசாகவே இருப்பதால் மார்கழி வரை பறிக்கலாம் என்றார். பண்ணைக்கீரை அப்படி இல்லை. அது நிமிர்ந்து வளர்ந்து, உச்சியில் வெள்ளையும் ரோசாவும் கலந்த கதிர் வைத்துவிட்டால் இலை முற்றிக் கசந்துபோகும். ஆகவே பண்ணைக்கீரையின் காலம் முதல் மழைக்கும் கதிருக்கும் இடைப்பட்ட சில வாரங்கள்தான். சாரணைக்கீரையை அவர் கையால் தடவித்தான் காட்டினார். தரையோடு படரும் சதைப்பற்றான செடி. கணுவுக்குக் கணு எதிரெதிரே இரண்டு இலைகள், ஒன்று பெரிது, மற்றொன்று சிறிது. இதில் கொழுந்து மட்டும்தான் சமையலுக்கு ஆகும். முற்றிய இலையைத் தின்றால் வயிறு போகும். பருப்புக்கீரை, குமுட்டிக்கீரை, முள்ளுக்கீரை என்று மடி நிறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம் உண்டு. பண்ணைக்கீரையைக் கடைய வேண்டும். தொய்யலைச் சின்ன வெங்காயம், வத்தல் போட்டுத் துவட்ட வேண்டும். மிச்சத்தையெல்லாம் ஒன்றாகக் கலந்து பாசிப்பருப்போடு வேகவிட்டால் கம்மங்களிக்குத் தொட்டுக்கொள்ள அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

மதியம் அவர்கள் வீட்டில் அதைத்தான் சாப்பிட்டேன். கடையில் வாங்கும் அரைக்கீரைக்கு ஒரே ருசி. இந்தக் கலவையில் ஒரு வாய்க்குப் புளிப்பு, அடுத்த வாய்க்கு லேசான கசப்பு, அதற்கடுத்து பச்சை மண்ணின் வாடை. நான் புகழ்ந்ததும் வீட்டு மருமகள் தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பதில் இன்னமும் என்னை உறுத்துகிறது. “கீர பறிக்கப் போனோம்னு நாங்க வெளிய சொல்லிக்கிறதில்ல மதினி. கையில காசு இல்லாததாலதான் போறாகன்னு நினைப்பாக.”

இந்தக் கூச்சம் இன்று நேற்று வந்ததில்லை. சிறுபாணாற்றுப்படையில் ஒரு பாணன் வீடு வருகிறது. பசித்த குடும்பம், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறது. சங்க காலத்துப் பாட்டில் அடைத்த அந்தக் கதவை எட்டயபுரம் பக்கத்து வீட்டில் நானே பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நகரத்துக் கடைகளில் இப்படித் தானாக முளைக்கும் முடக்கத்தானும் தூதுவளையும் பொடியாகி, அழகான பொட்டலத்தில் நல்ல விலைக்கு விற்கின்றன. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அந்தச் செடியை அடையாளம் தெரிந்த பெண், தன் மகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கக் கூச்சப்படுகிறாள். பஞ்ச காலத்தில் உயிரைக் காப்பாற்றிய அறிவு அவளோடு முடிந்துபோவது பெரிய இழப்பு.

இழப்புக்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. பெரியாத்தா ஒரு புஞ்சையைச் சுற்றிக்கொண்டு போனார். உள்ளே கால் வைக்கவில்லை. மக்காச்சோளம் செழிப்பாக நின்றது. அதன் அடியில் புல் பூண்டு எதுவும் இல்லை, மண் வெறிச்சென்று இருந்தது. “மருந்தடிச்ச காடு. இங்க பறிக்கக் கூடாது.” மக்காச்சோளத்துக்கு அட்ரசின் அடிப்பது இப்போது பரவலான பழக்கம். வரப்புக்குக் கிளைபோசேட் அடிக்கிறார்கள். முன்பெல்லாம் கைக்களைதான். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து களை எடுப்பார்கள்; எடுத்ததில் கீரையை ஒரு பக்கம் ஒதுக்கி, வேலை முடிந்து போகும்போது மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். கூலியும் குழம்பும் ஒரே வேலையில் கிடைத்தன. களைக்கொல்லி வந்தபோது இரண்டும் ஒன்றாகப் போயின. கூலி போனதைப் பற்றியாவது யாராவது பேசுகிறார்கள். குழம்பு போனது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. களை எடுக்க ஆளும் கிடைக்காமல், கொடுக்கப் பணமும் இல்லாமல் தவிப்பவர்தான் அவரும். இருந்தாலும் ஒரு புஞ்சைக்கு நாலு வரப்பில் ஒரு வரப்பையாவது அடிக்காமல் விடலாம்.

அன்று இரவு இடியும் மின்னலுமாக மழை கொட்டியது. மறுநாள் காலையில் பெரியாத்தாவின் பேரன், பத்து வயது இருக்கும், வந்து எழுப்பினான். “இடி இடிச்சிருக்கு அத்தை. காளான் பாக்கப் போவோம்.” இடிச் சத்தத்துக்குத்தான் காளான் வெடித்துக் கிளம்புகிறது என்பது ஊர் நம்பிக்கை. உண்மையில் வேலை செய்வது ஈரமும் வெக்கையும். ஆனால் இடி மழைக்குப் பின்னால்தான் புற்றைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதி தப்பாமல் பலிக்கிறது. குழந்தைக்கு நினைவிருக்க அதைவிடச் சுலபமான விதி கிடையாது.

புற்றுக்காளானின் கதை நான் படித்த இயற்கைக் கதைகளிலேயே ஆச்சரியமானது. கறையான்கள் காய்ந்த புல்லையும் கட்டையையும் தின்று, தங்கள் எச்சத்தால் புற்றுக்குள்ளே தேன்கூடுபோல் துளைகளுள்ள ஒரு பாத்தியைக் கட்டுகின்றன. அந்தப் பாத்தியில் ஒரே ஒரு வகைப் பூஞ்சையை வளர்க்கின்றன. கறையான் செரிக்க முடியாத கட்டைப் பொருளைப் பூஞ்சை மக்கவைத்துக் கொடுக்க, அதைத் தின்று புற்று வாழ்கிறது. இந்த விவசாயம் சுமார் 3 கோடி ஆண்டுகளாக நடந்துவருகிறது. மனிதன் ஏர் பிடித்ததோ சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். மழை பெய்து மண் இளகியதும் அந்தப் பாத்தியிலிருந்து பூஞ்சை நீண்ட வேரை மேலே அனுப்பி, தரைக்கு வெளியே குடை விரிக்கிறது. நாம் பறிப்பது அந்தக் குடையை. இந்தப் பேரினத்துக்கு 1942இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜே எய்ம் டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர் வைத்தார். தென்னிந்தியாவில் கிடைக்கும் ஒரு வகையை 1979இல் சென்னையைச் சேர்ந்த கே. நடராஜன் விவரித்து, எய்மின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

பையன் குடையைப் பிடித்து இழுக்கவில்லை. குச்சியால் சுற்றிலும் மண்ணைத் தோண்டி, வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்தான். ஒரு சாண் போயும் முடியவில்லை. “வேர் கீழ போச்சுன்னா நல்லது. போகலன்னா தொடக்கூடாதுன்னு ஆத்தா சொல்லியிருக்கு.” மழைக்குப் பிறகு புல்தரையில் கிளம்பும் ஒரு பெரிய வெள்ளைக் குடைக்காளான் உண்டு. தலையில் பழுப்புச் செதில், தண்டில் வளையம், முற்றினால் அடிமடிப்பு பச்சையாக மாறும். அதற்குப் புற்றோடு சம்பந்தமில்லை, கீழே நீண்ட வேரும் கிடையாது. தின்றவரை மணிக்கணக்காக வாந்தியும் பேதியும் புரட்டி எடுக்கும். பத்து வயதுப் பையன் அந்த வித்தியாசத்தைக் கையால் அறிந்திருக்கிறான். படத்தைப் பார்த்தோ, படித்ததை நம்பியோ யாரும் காளான் பறிக்கக் கூடாது. பல வருடம் பறித்துத் தின்ற ஒருவர் பக்கத்தில் நின்று சரி என்று சொன்னால்தான் சட்டிக்குப் போக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

அன்றைக்குக் கிடைத்தது ஒரு தேக்கிலை கொள்ளும் அளவு. மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, தேங்காய் சேர்க்காமல் வதக்கினார்கள். ஆட்டுக்கறியின் மென்மையும் மண்ணின் மணமும் சேர்ந்த ருசி. இதை இன்றுவரை மனிதர்களால் பண்ணை வைத்து வளர்க்க முடியவில்லை. கறையான் இல்லாமல் அது வராது. ஆனால் வேறொரு காட்டுக் காளான் இதே கரிசலிலிருந்துதான் வீட்டுக்கு வந்தது. கோவில்பட்டிக்கு வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அருப்புக்கோட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான ஏபிகே 2 என்ற பால்காளான் ரகம் 1998இல் வெளியானது. வெயில் காய்கிற ஊரிலும் வைக்கோலில் வளர்கிற அந்த வெள்ளைக் காளான் இப்போது கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கிறது.

பழங்களுக்கு வருகிறேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பறித்துத் தின்பவை இவை. பெரியவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. ஓடைக்கரை முள்ளில் மிளகளவு கறுத்துத் தொங்கும் சூரைப்பழம், பச்சையிலிருந்து பழுப்புக்குப் போகும் காரைப்பழம், வெள்ளை முத்தாகக் காய்க்கும் சங்கம்பழம். சூரைமுள் வளைந்தது, உள்ளே விட்ட கையை வெளியே எடுக்கும்போதுதான் குத்தும். இவற்றில் சப்பாத்திக்கள்ளிப் பழம்தான் எனக்கு மிகப் பிடித்தது. பையன் அதை இரண்டு குச்சியால் திருகிப் பறித்து, மண்ணில் புரட்டிப் புரட்டிச் சுணைமுள்ளை உதிர்த்தான். பிறகு பிளந்து, நடுவே நட்சத்திரம் மாதிரி இருக்கும் உள்முள்ளை நகத்தால் எடுத்தெறிந்துவிட்டுச் சதையைத் தந்தான். நாக்கும் உதடும் கையும் சட்டையும் கத்தரிப்பூ நிறத்தில் சிவந்துபோயின. இந்தக் கள்ளி இந்த மண்ணில் பிறந்ததில்லை, அமெரிக்காவிலிருந்து வந்தது. கள்ளிப்பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கும் ஆசையில் வெள்ளைக்காரர்கள் கள்ளி வகைகளை மதராஸ் மாகாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவை கட்டுக்கடங்காமல் பரவி நிலத்தை மூடியபோது, 1920களில் அதே இனத்துப் பூச்சி ஒன்றை விட்டுத்தான் அடக்க வேண்டியிருந்தது. இப்போது வேலியோரம் அங்கங்கே மிச்சமிருப்பதைப் பிள்ளைகள் தின்கிறார்கள். வந்தேறியாக இருந்தாலும் பசிக்குப் பழம் கொடுத்தது. அடுத்து வந்த சீமைக்கருவேலம் அதைக்கூடச் செய்யவில்லை. கண்மாயையும் ஓடையையும் மூடி, சூரைக்கும் காரைக்கும் இருந்த இடத்தைத் தானே எடுத்துக்கொண்டது.

கரிசலை விட்டு மேற்கே போனேன். திருவில்லிபுத்தூரை அடுத்து, மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு. பளியர்கள் வாழும் இடம். இந்த மலை 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. அடிவாரத்திலேயே, குடியிருப்புக்கு எட்டிய தூரத்தில் ஒரு பெரியவர் எனக்கு வள்ளிக்கொடியைக் காட்டினார்.

நான் போனது கிழங்குக்கு ஏற்ற காலமில்லை. மழையில் கொடி பச்சையாக இருக்கும்போது கிழங்கு கரைந்து இளைத்திருக்கும். மாசி, பங்குனியில் கொடி காய்ந்த பிறகுதான் அதில் மாவு கட்டும். ஆகவே இந்தப் பச்சைக் காலத்தில் செய்கிற வேலை அடையாளம் வைப்பது மட்டும்தான். எந்த மரத்தில் ஏறியிருக்கிறது, இலை எப்படி, தண்டு எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று பார்த்து மனதில் பதித்துக்கொண்டு, கோடையில் வந்து இரும்பு முனை வைத்த குச்சியால் தோண்டுவார்கள். தோண்டினாலும் கொடியின் தலையை, கிழங்கு ஒட்டியிருக்கும் ஒரு துண்டோடு, குழியிலேயே வைத்து மண் தள்ளிவிட்டு வருவார்கள். “அடுத்த வருசமும் பசிக்குமில்ல” என்றார். பயிர் செய்வதற்கும் காட்டில் எடுப்பதற்கும் நடுவே நாம் போட்டிருக்கும் கோடு அவருடைய குழியில் அழிந்துபோகிறது.

அதே புதரில், வள்ளிக்குப் பக்கத்திலேயே செங்காந்தள் பூத்திருந்தது. மஞ்சளும் சிவப்புமாக இதழ்கள் மேல்நோக்கி வளைந்த பூ. தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கில் கொல்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. வள்ளியென்றோ சர்க்கரைவள்ளியென்றோ எண்ணித் தின்று இறந்தவர்கள் உண்டு. பூத்திருக்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள யாராலும் முடியாது. ஆபத்து கோடையில்தான், இரண்டு கொடியும் காய்ந்து, மண்ணுக்குள் கிழங்கு மட்டும் மிஞ்சியிருக்கும்போது. மழைக்காலத்தில் நடந்து பார்த்தவனுக்குத்தான் கோடையில் தோண்ட உரிமை என்று பெரியவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. செங்காந்தளின் இலைநுனி சுருண்டு பற்றிக்கொள்ளும். கிழங்கு கலப்பை மாதிரிக் கவைத்திருக்கும். இரண்டையும் எனக்குக் காட்டிவிட்டு, கிழங்கை மறுபடியும் மண்ணில் புதைத்தார்.

உரிமை என்ற சொல்லை அவர் வேறு பொருளிலும் சொன்னார். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தேன், கிழங்கு, மூங்கில் உள்ளிட்ட சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் காட்டுவாசிகளுக்கு உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் நின்றிருந்து, 2016இல்தான் தடை விலகியது. இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் ரேஷன் அரிசியில் வளர்ந்தார்கள். அரிசி வந்தது நல்லதுதான், பட்டினி குறைந்தது. ஆனால் பங்குனியில் தாத்தாவோடு மலையேற வேண்டிய வயதில் அவர்கள் ஏறவில்லை. புலியைக் காப்பதற்கும் கிழங்கு தோண்டும் குடும்பத்துக்கும் பகை இருக்கத் தேவையில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். தலையைப் புதைத்துவிட்டு வருகிறவர்களைவிட அந்தக் கொடியின் மேல் அக்கறை உள்ளவர்கள் யார் இருக்கிறார்கள்?

வடகிழக்கே திரும்பி, மதுரையைத் தாண்டிச் சிங்கம்புணரி பக்கம் போனால் பிரான்மலை. சங்க இலக்கியத்தின் பறம்புமலை இதுதான். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் ஷேக் அப்துல்லா தர்கா. மூவேந்தரும் பாரியின் மலையை முற்றுகையிட்டபோது கபிலர் அவர்களைப் பார்த்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் 109ஆவது. உழவர் உழாமலே விளைபவை நான்கு இங்கே உண்டு என்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். ஆகவே எத்தனை நாள் சூழ்ந்து நின்றாலும் இந்த மலையைப் பட்டினி போட்டு வெல்ல முடியாது. கல்லூரியில் இதைப் படித்தபோது மலையின் வளம் பாடியதாகத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வள்ளிக்கொடிக்குப் பக்கத்தில் நின்று வந்த பிறகு அது போர்க்கணக்காகக் கேட்கிறது. விதைக்காத உணவு எங்கே கிடைக்கும் என்று தெரிந்த மக்களை எந்தப் படையாலும் பணியவைக்க முடியாது என்பதைக் கபிலர் அரசர்களிடம் நேருக்கு நேராகச் சொல்கிறார். அந்த நான்கிலும் மூங்கில் நெல் தினமும் கிடைப்பதல்ல. முள்மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூத்து, நெல் உதிர்த்து, செத்துப்போகும். வள்ளியோ வருடம் தவறாமல் வரும். மண்ணுக்குள் இருப்பதால் எதிரியின் தீயும் அதைத் தொடாது.

பிரான்மலையிலிருந்து மேலூர்ப் பக்கம் இறங்கினால் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகளும் சுனைகளும் ஏரிகளுமாக இருக்கும் இந்த ஊரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த 193 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே ஆண்டில், 2024இல், இந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. ஊர்கள் திரண்டு எதிர்த்தன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. குகையின் தமிழி எழுத்தையும் குடைவரைக் கோயிலையும் வல்லூறுகளையும் காப்பாற்றிய போராட்டம் என்று செய்திகள் சொன்னன. அவற்றோடு கண்மாய்க்கரைப் பொன்னாங்கண்ணியும் பாறையிடுக்குப் பிரண்டையும் காப்பாற்றப்பட்டன என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

கண்மாய் நிரம்பியிருந்தது. கரையில் இரண்டு பெண்கள் பிரண்டை ஒடித்துக்கொண்டிருந்தார்கள். முற்றிய கணுவை விட்டு, நுனியில் நாலு கணு மட்டும். ஒடிக்கும் கைக்கு நல்லெண்ணெய் தடவியிருந்தார்கள், இல்லாவிட்டால் அரிக்கும். துவையல் அரைக்கும்போது புளி கூடுதலாகப் போட வேண்டியதும் அதற்காகத்தான். இளையவள் அடுத்த வயலைப் பார்த்தாள். பொன்னாங்கண்ணி வரப்பில் பச்சையாகப் படர்ந்திருந்தது. அவள் இறங்கவில்லை. மடையடியில் நின்றிருந்த வயல்காரரைக் கூப்பிட்டாள்.

“சித்தப்பா, மருந்தடிச்சிட்டீங்களா?”

“உள்ள அடிச்சிருக்கேம்மா. வடக்கு வரப்ப விட்டிருக்கேன், அங்க பறிச்சுக்கங்க.”